பேர் வாசிக்காத பிடி அரிசி

(தபசு காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை.)



தபசு காலமும் தருமமும் என்று பத்து நிமிஷம் பேசும்படி சிஸ்டர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். தபசு காலத்தைப் பற்றிப் பாதர் பூசையில் சொல்லுவார். அதைச் சொல்ல எங்களுக்குப் படிப்புப் போதாது. நாங்கள் ஒரு அரிசிச் சாக்கைப் பற்றியும், நாங்கள் செய்த ஒரு பிழையைப் பற்றியும் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறோம். இங்கே இருக்கிற மூத்த தாய்மாருக்கு இந்தக் கதை தெரியும். இந்த வருஷம் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்த்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்லுகிறோம்.

நம்முடைய பாடசாலைப் பெயர்ப் பலகையில் ரோ.க. என்ற எழுத்து இன்னும் இருக்கிறது. ரோமன் கத்தோலிக்கப் பாடசாலை என்று அர்த்தம். 1960ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு நாட்டிலே அரசாங்க உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கமே பொறுப்பெடுத்தது. அதனாலே இன்றைக்கு ஆசிரியர் சம்பளம், பாடப் புத்தகம், சீருடைத் துணி எல்லாம் அரசாங்கத்தினுடையது. பெயர் மட்டும் நின்றது. பக்கத்திலே மாதா கோவில் நின்றது. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையும், ஒக்டோபர் மாதம் லயத்துக்கு லயம் போகிற ஜெபமாலையும், செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் நின்றன. படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேலே சைவப் பிள்ளைகள். சமய பாட நேரம் வந்தால் ஒரு வகுப்பறையில் சைவநெறி நடக்கும், அடுத்த வகுப்பறையில் கத்தோலிக்கம் நடக்கும். நடுவிலே இருப்பது ஒரு பலகைத் தட்டிதான். இந்தப் பக்கத்துப் பாட்டு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் பாடம்.

பிடி அரிசியும் பாதர்மார் புதிதாகக் கொண்டுவந்த வழக்கம் இல்லை. எங்கள் அப்பாயி உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து மூலையிலே இருக்கிற கலயத்தில் போடுவார். தோட்டத்திலே அரிசி போட்டுச் சம்பளத்தில் கழித்த காலத்திலேயும் அந்தப் பிடி நின்றதில்லையாம். கலயம் நிறைந்தால் அது மாதா கோவிலுக்கும் போகும், மாரியம்மன் திருவிழாவுக்கும் போகும். இந்தியாவிலிருந்து வரும்போதே கூட வந்த பழக்கம் அது. அதைத்தான் பாடசாலையும் தபசு காலத்துக்கு எடுத்துக்கொண்டது.

இப்போது பிழைக்கு வருகிறோம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னே வரைக்கும் இங்கே பிடி அரிசி எப்படிச் சேர்ந்தது தெரியுமா? வகுப்புக்கு முன்னாலே ஒரு அலுமினியச் சட்டி இருக்கும். பிள்ளைகள் வரிசையாக வந்து கொட்டுவார்கள். வகுப்புத் தலைவன் கொப்பியிலே எழுதுவான். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், இன்ன பிள்ளை ஒரு கிலோ, இன்ன பிள்ளை அரைக் கிலோ என்று வாசித்துக் கைதட்டுவார்கள். கொடுக்கிற பிள்ளைக்கு உற்சாகம் வரட்டும் என்றுதான் செய்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் மூன்று வாரமாகப் பேர் வராத பிள்ளை எங்கே பார்த்துக்கொண்டு நிற்கும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் பெரிய கிழமையில், சேர்ந்த அரிசியோடு வெளியிலிருந்து வந்த புத்தகப் பைகளையும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடாயிற்று. யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போட்டது நாங்கள். 23 பேர். எங்கள் வேலையே வீடு வீடாகப் போவதுதானே, அதனால் பட்டியலிலே பிழை இல்லை. சரியான பிள்ளைகள்தான். மைக்கைப் பிடித்து வாசித்ததும் நாங்கள்தான். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ, நாலாம் ஆண்டுப் பெண்பிள்ளை ஒன்று. பேரை வாசித்தோம். வரவில்லை. பின்னாலே நின்றதால் காதில் விழவில்லை என்று நினைத்து இரண்டாம் தரமும் வாசித்தோம். கொஞ்சம் சத்தமாகவே வாசித்தோம். பிள்ளை வந்தது. பையை வாங்கிக்கொண்டு, போட்டோ எடுக்கிறவர் நிமிரச் சொன்னபோது நிமிராமலே போனது.

அந்தப் பிள்ளையின் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். பாட்டிதான் வளர்த்தது. வயது போய், கணக்கு முடித்துக் காசு எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற பாட்டி. அடுத்த நாள் காலையில் மலைக்குப் போகிற வழியிலே, படங்கைக் கட்டினபடியே எங்கள் கந்தோருக்கு வந்து பையை மேசையில் வைத்தார்.

"ஐயா, பெரட்டுல எம்பேர வாசிச்சா நான் தலைய நிமித்திக்கிட்டுப் போவேன். அது வேலைக்கு வாசிக்கிற பேரு. நேத்து நீங்க எம்பேத்தி பேர வாசிச்சீங்க. அது ராவு பூரா சாப்புடல. இந்தாங்க உங்க பை."

அவ்வளவுதான் சொன்னார். அரிசியையும் கொண்டுவந்திருந்தார். கட்டின முடிச்சு கட்டினபடியே இருந்தது.

நாங்கள் என்ன நினைத்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நன்றி கெட்ட கிழவி என்று நினைத்தோம். இவ்வளவு அலைந்து திரிந்து பட்டியல் போட்டதற்கு இதுதான் கூலியா என்று கோபம் வந்தது. இரண்டு நாள் அந்தக் கோபம் இருந்தது. சிஸ்டரிடம் போய்க் குறையாகச் சொன்னோம். அப்போது இருந்த சிஸ்டர் வயதானவர், இப்போது இங்கே இல்லை. அவர் எங்களோடு வாதாடவில்லை. விபூதிப் புதன் பூசைக்கு வந்தீர்களா, சுவிசேஷம் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

விபூதிப் புதன் பூசையிலே ஒவ்வொரு வருஷமும் மத்தேயு சுவிசேஷம் 6ஆம் அதிகாரம்தான் வாசிப்பார்கள். தருமத்தைப் பிறர் பார்க்கச் செய்யாதே, ஊதி அறிவித்துச் செய்யாதே என்பது அதிலே வருகிற சாரம். நாங்கள் முன் வாங்கிலே இருந்து கேட்டு, நெற்றியிலே சாம்பல் பூசிக்கொண்டு வந்தவர்கள். ஆறு கிழமை போகவில்லை, மைக் பிடித்தோம்.

அந்தப் பிள்ளை பிறகு இந்தப் பாடசாலைக்கு வரவில்லை. கீழ்ப் பிரிவுக்கு அப்பால் இருக்கிற பாடசாலையிலே சேர்த்தார்கள். போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். பாட்டி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பிள்ளையை மாற்றவில்லை.

அடுத்த தபசு காலத்துக்கு முன்னே சிஸ்டர் மாச் சாக்குத் துணியிலே ஒரு பை தைத்தார். வாய் சின்னது, ஒரு கை மட்டும் போகும். இன்றைக்கும் அதே அளவிலேதான் தைக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் அந்தச் சாக்கு வாசலிலே தொங்கும். எல்லாப் பிள்ளையும் மூடின கையோடு வரவேண்டும், கையை உள்ளே விட்டு விரிக்கவேண்டும், எடுக்கவேண்டும். கையிலே அரிசி இருந்ததா இல்லையா என்று பக்கத்திலே நிற்கிற பிள்ளைக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. அரிசி இல்லாத வீட்டுப் பிள்ளையும் கையை விட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகும். கொப்பியும் இல்லை, கைதட்டும் இல்லை.

முதல் வருஷம் சேர்ந்த அரிசி குறைந்துதான் போனது. அதை மறைக்க வேண்டியதில்லை. சாக்கைக் கொட்டிப் பார்த்தால் சின்னக் கல்லும் ஒரு கோலிக்குண்டும் இருந்தன. ஆம்பிளைப் பிள்ளைகள் எப்போதும் ஆம்பிளைப் பிள்ளைகள்தானே. பேர் வாசித்தால்தான் பிள்ளைகள் கொண்டுவரும் என்று சில பெற்றோர் வந்து சொன்னார்கள். சிஸ்டர் கேட்கவில்லை.

கணக்கைப் பாருங்க. சின்னப் பிள்ளையின் ஒரு பிடி 30 கிராம் அளவு வரும். 90 பிள்ளை என்றால் இரண்டேமுக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. பெரிய வெள்ளியைக் கழித்தால் தபசு காலத்திலே ஆறு வெள்ளிக்கிழமை. ஆக 16 கிலோ. நாலு வீட்டுக்கு நாலு நாலு கிலோ. இதனாலே யாருடைய கஷ்டமும் தீரப்போவதில்லை. பெரிய உதவி செய்யப் பெரிய இடங்கள் இருக்கின்றன. கண்டி மறைமாவட்டத்திலே செட்டிக் என்று நாம் சொல்லுகிற கரித்தாஸ் நிலையம் இருக்கிறது, கொழும்பிலே செடெக் இருக்கிறது. வெள்ளம், மண்சரிவு என்றால் லொறியிலே அனுப்ப அவர்களால் முடியும். நாலு கிலோ நம்மாலே முடியும்.

அந்த நாலு வீடு எது என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். பாதர், அதிபர், நாங்கள். எழுதி வைப்பதில்லை. யாருக்கு இரண்டு கிழமையாகப் பேர் விழவில்லை, எந்த வீட்டிலே நோயாளி படுத்திருக்கிறார், பிள்ளை மடுவத்திலே எந்தக் குழந்தை நிறை ஏறவில்லை என்பதெல்லாம் எங்கள் வேலையிலே தெரிய வருவதுதான். பெரிய வியாழன் மாலைப் பூசையில் அப்பமும் ரசமும் கொண்டுபோகிற பவனியில் ஏழைகளுக்கான காணிக்கையையும் கொண்டுபோகலாம் என்று பூசை முறையிலேயே இருக்கிறது. அப்போது சாக்கைப் பிள்ளைகள் பீடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதோடு பிள்ளைகளின் வேலை முடிந்தது. சனிக்கிழமை பொழுது பட்ட பிறகு நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். சிஸ்டர்மார் வரமாட்டார்கள். வெள்ளை உடுப்பு ஒன்று ஏழு மணிக்கு லயத்துக்குள்ளே நுழைந்தால் பன்னிரண்டு காம்பராவுக்கும் செய்தி போய்விடும். நாங்கள் பையோடு போனால் யாரும் கேட்பதில்லை. வெல்பெயார் ஐயா எதையாவது எழுத வந்திருப்பார் என்று நாயும் குரைப்பதில்லை.

சைவப் பிள்ளையின் தகப்பன் ஒருவர் எங்களைப் பிரட்டுக்களத்திலே நிறுத்திக் கேட்டார். "ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. அரிசி குடுத்துட்டுப் பொறவு கோயிலுக்கு வான்னு கூப்புடுவாங்களா?" கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நியாயமான கேள்வி. பாதரிடமே கூட்டிக்கொண்டு போனோம். அரிசிக்குப் பின்னாலே ஒரு வார்த்தையும் வராது, வந்தால் என்னிடம் வந்து சொல்லு என்றார் பாதர். அந்த வருஷம் அரிசி போன நாலு வீட்டிலே மூன்று சைவ வீடு. எந்த வீடு என்று சொல்லமாட்டோம், இதை மட்டும் சொல்லலாம்.

பாதர் அன்றைக்கு அவருக்குச் சொன்ன கதையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நம்முடைய மறைமாவட்டத்துக்குள்ளே நடந்த கதை. கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்ட காலம். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அவர் வந்தது கூலியாள் போல உடுத்திக்கொண்டு. நம்முடைய ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையிலே போட்டார்கள். 1697இல் கண்டியிலே அம்மை நோய் பரவிற்று. வசதி உள்ளவர்கள் ஊரை விட்டுப் போனார்கள், நோயாளிகளைக் கைவிட்டார்கள். அவரும் அவருடைய மருமகனான குருவும் நின்று நோயாளிகளைக் கழுவினார்கள், கஞ்சி ஊற்றினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். எந்தச் சமயம் என்று கேட்டுக் கஞ்சி ஊற்றவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். கூலி வேஷத்திலே வந்தவருக்கு அன்றைக்கு எத்தனை கமெரா!

அந்தத் தகப்பனுடைய பிள்ளை இப்போது பெரிய பாடசாலைக்குப் போய்விட்டது. ஆனால் மாரியம்மன் கோவில் கமிட்டியிலே அவர் இருக்கிறார். திருவிழாவிலே மிஞ்சுகிற அரிசியிலே ஒரு பங்கு இப்போது எங்களிடம் வருகிறது, அதே மூன்று பேர் கணக்கிலே.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மண் சரிந்து லயங்களை மூடியது உங்களுக்கு மறந்திருக்காது. அன்றைக்கு நம் பாடசாலையிலும் சாமான் சேர்த்தோம். அரிசி, பருப்பு, சவர்க்காரம் வந்தது. உடுப்பும் வந்தது. அதிலே கிழிந்தது, பொத்தான் இல்லாதது, கழுவாதது எல்லாம் இருந்தது. சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நாளைக்கு நம் பிள்ளைக்கு இதைப் போட்டுப் பாடசாலைக்கு அனுப்புவோமா என்று கேட்டார். மாட்டோம் என்றதைத் தனியாக வைத்தார். பாதிக்கு மேலே தனியாகத்தான் போனது. வீடு போனவர்களுக்கு எது கொடுத்தாலும் போதும் என்று நாமே நினைத்தோம், லயத்திலே இருக்கிற நாமே!

வெளியிலிருந்து வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொப்பி, சப்பாத்து கொண்டுவருகிறார்கள், நல்ல மனசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, பொழுது படுகிறதற்குள்ளே போனிலே போட்டுவிடுகிறார்கள். அந்தப் படம் நாளைக்கு அந்தப் பிள்ளை கொழும்பிலே வேலைக்குப் போனாலும் கூடவே போகும். ஆகவே அதிபரும் நாங்களும் பேசி, சாமானை அதிபரிடம் ஒப்படைத்துவிட்டு அவரோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுகிறோம். இதனாலே ஒரு கூட்டத்தார் கோபித்துக்கொண்டு சாமானைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு. அன்றைக்கு உங்களில் சிலர் எங்களைத் திட்டினீர்கள். இருபத்தைந்து சோடி சப்பாத்து சும்மா இல்லைதான். எங்களுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் மறுபடி வந்தாலும் அதைத்தான் சொல்லுவோம்.

2022ஆம் வருஷம் அரிசி விலையும் மா விலையும் ஏறி, ரொட்டி சுடவே வழியில்லாமல் இருந்தபோது சாக்கை நிறுத்தலாமா என்று யோசித்தோம். கொடுக்கச் சொல்லவே வாய் கூசிற்று. அந்தத் தபசு காலத்திலே சாக்கு பாதி கூட நிறையவில்லை. அப்போது மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் வெள்ளிக்கிழமை காலையிலே ஒரு சின்ன விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலே போட்டான். இது எதுக்கு என்று டீச்சர் கேட்டதற்கு, மேல் லயத்துப் பாட்டிக்கு முழங்கால் வலி, விறகு பொறுக்கப் போக முடியாது, அரிசி குடுத்தா எதுல ஆக்கும் என்றான். அந்தப் பையன் வீடு முந்திய வருஷத்து நாலு வீட்டிலே ஒன்று. அது அவனுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நாங்கள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு நாலு வீட்டுக்கு அரிசியோடு விறகும் போகிறது. விறகைச் சாக்குக்குள்ளே மறைக்க முடியாது என்பது ஒரு கஷ்டம்தான். கோவிலுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்து பின்னாலே அடுக்கிவிடுகிறார்கள்.

இந்த வருஷத்து ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறோம். விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சாக்கு தொங்கும். காலையில் பிள்ளை கையிலே அரிசியைக் கொடுக்கும்போது, துணியிலே முடிந்து கொடுத்துவிடுங்கள், வழியிலே சிந்தாது. இல்லாவிட்டால் வெறுங்கையாக அனுப்புங்கள், பிள்ளையை வீட்டிலே நிறுத்தவேண்டாம். போன வருஷம் அரிசி இல்லை என்று இரண்டு பிள்ளைகளை வெள்ளிக்கிழமை தோறும் நிறுத்தினீர்கள். டீச்சர் இடாப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். நிறுத்தினால் அதுவும் ஒரு பேர் வாசிப்புத்தான்.

பழைய சாக்கை எலி கடித்துவிட்டது. புதிதாக இரண்டு தைக்கத் துணி சிஸ்டரிடம் இருக்கிறது, தையல் மெஷின் உள்ள தாய்மார் யாராவது எடுத்துக்கொண்டு போனால் நல்லது. பெரிய சனிக்கிழமை ராத்திரி மேல் பிரிவுக்கு மூட்டை தூக்க எங்களோடு ஒரு ஆள் வேண்டும், முழங்கால் எங்களுக்கும் முன்னைப்போல இல்லை. வாயைக் கட்டி வைத்திருக்கிற ஆளாக இருக்கவேண்டும். கூட்டம் முடிந்து பிஸ்கட்டும் தேத்தண்ணியும் இருக்கிறது, குடித்துவிட்டுப் போகும்போது விருப்பமுள்ளவர் எங்களிடம் தனியாக வந்து சொல்லுங்கள்.